ஆவிக்குரிய வரங்களும் அன்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போதும் வேதபாட வகுப்புகளிலும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. வசனக் குறிப்புகளைக் கூடவே தந்திருக்கிறேன். பக்கத்தில் வேதாகமத்தை வைத்துக்கொண்டு வாசித்தால் நல்லது. சில விஷயங்களில் சபைக்குச் சபை போதனை வேறுபடும். அந்த இடங்களில் எது என் கருத்து என்று சொல்லிவிடுகிறேன்.

ஆவிக்குரிய வரம் என்றால் என்ன? பிறவித் திறமையும் அதுவும் ஒன்றா?

பரிசுத்த ஆவியானவர் விசுவாசிக்கு இலவசமாகக் கொடுக்கிற ஒரு பலம் அது. அதைக்கொண்டு அவர் மற்றவர்களுக்கு ஊழியம் செய்கிறார். எனக்குத் தெரிந்து இதை மிகச் சுருக்கமாகச் சொன்னவர் பேதுரு: அவரவர் பெற்ற வரத்தைக் கொண்டு, நல்ல உக்கிராணக்காரரைப்போல ஒருவருக்கொருவர் உதவி செய்யுங்கள் (1 பேதுரு 4:10). உக்கிராணக்காரர் கையில் இருப்பதெல்லாம் எஜமானுடைய சொத்து. வீட்டாருக்கு எடுத்துக் கொடுப்பதற்காகத்தான் சாவி அவரிடம் இருக்கிறது. ஆக, என் வரம் எனக்காகக் கொடுக்கப்பட்டதல்ல, எனக்கு எதிரே இருக்கிறவருக்காகக் கொடுக்கப்பட்டது. இது மனதில் பதிந்துவிட்டால் கீழே வருகிற பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

பிறவித் திறமைக்கும் வரத்துக்கும் நடுவே கறாராகக் கோடு போடச் சிலர் முயல்வார்கள். வேதம் அவ்வளவு கறாராக இல்லை. ஆசரிப்புக் கூடார வேலைக்காகப் பெசலெயேல் என்பவரைக் கர்த்தர் பேர்சொல்லி அழைக்கிறார். அவரை 'தேவ ஆவியினால் நிரப்பினேன்' என்கிறார் (யாத்திராகமம் 31:1-5). எதற்காக? பொன், வெள்ளி, வெண்கல வேலை செய்ய, இரத்தினம் வெட்ட, மரம் செதுக்க. பட்டறையில் கற்ற தொழில் எங்கே முடிகிறது, ஆவியின் வரம் எங்கே தொடங்குகிறது என்று அந்தப் பகுதியை வைத்து யாரும் பிரித்துக் காட்ட முடியாது. அதே சமயம், திறமை என்று சொல்ல ஒன்றுமே இல்லாதவரையும் தேவன் எடுத்துப் பயன்படுத்துகிறார். இரண்டுமே நடக்கிறது.

மொத்தம் எத்தனை வரங்கள்?

எந்தப் பட்டியலை எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1 கொரிந்தியர் 12:8-10-இல் 9 வரும்: ஞான வசனம், அறிவின் வசனம், விசுவாசம், குணமாக்கும் வரங்கள், அற்புதங்கள், தீர்க்கதரிசனம், ஆவிகளைப் பகுத்தறிதல், பற்பல பாஷைகள் (ஆவியானவர் ஏவ, கற்காத மொழிகளில் பேசுவது), அவற்றுக்கு வியாக்கியானம். ரோமர் 12:6-8-இல் 7. எபேசியர் 4:11 வரங்களைச் சொல்லாமல் ஆட்களைச் சொல்கிறது: அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள், சுவிசேஷகர், மேய்ப்பர், போதகர். பேதுருவுக்கு இரண்டே வகை போதும், போதிக்கிறவர்கள், உதவி செய்கிறவர்கள். கத்தோலிக்கத் திருச்சபை சொல்கிற பரிசுத்த ஆவியின் ஏழு வரங்கள் வேறு ஒரு வரிசை. அது ஏசாயா 11-ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது.

ஒரு பட்டியல் இன்னொன்றோடு முழுதாக ஒத்துப்போகவில்லை என்பதே இது முடிந்துபோன கணக்கல்ல என்பதற்கு அடையாளம். ஒரே பவுல் மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதுகிறார். எண்ணிக்கையில் சண்டை போட வேண்டியதில்லை.

என் வரம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வரம் கண்டறியும் படிவத்தை நம்பலாமா?

படிவத்தால் பெரிய தீங்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதில் நீங்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்களோ அதைத்தான் நிரப்புவீர்கள். 'நான் பிறருக்கு ஆறுதல் சொல்வதில் சிறந்தவன்' என்ற வரிக்கு நேரே ஐந்து மதிப்பெண் போட்டுக்கொள்வது எளிது. அந்த ஆறுதலைக் கேட்டவரிடம் படிவத்தைக் கொடுத்தால் அவர் எத்தனை போடுவார் என்பதுதான் விஷயம்.

புதிய ஏற்பாட்டில் யாரும் உட்கார்ந்து தன் வரத்தைத் தேடியதாகத் தெரியவில்லை. ஒரு தேவை எதிரே வந்தது, இறங்கிச் செய்தார்கள், மற்றவர்கள் அதைக் கண்டுகொண்டார்கள். சீப்புருவைச் சேர்ந்த யோசேப்பு என்பவருக்கு அப்போஸ்தலர்களே 'பர்னபா', அதாவது ஆறுதலின் மகன், என்று பெயர் வைத்தார்கள் (அப்போஸ்தலர் 4:36). அவராக வைத்துக்கொண்ட பட்டம் அல்ல. பிற்பாடு மனந்திரும்பிய சவுலைச் சேர்த்துக்கொள்ள எருசலேமில் எல்லாரும் பயந்தபோது, கூட்டிக்கொண்டு போய் அவருக்காகப் பேசியது இதே பர்னபாதான் (9:26-27). பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள்.

அதனால் நான் சொல்வது இதுதான். கண்ணில் படுகிற வேலையைச் செய்யத் தொடங்குங்கள். கொஞ்ச நாள் போகட்டும். அப்புறம் உங்களை நேசிக்கிற, ஆனால் உங்களுக்கு முகஸ்துதி செய்யாத இரண்டு பேரிடம் போய், "நான் செய்ததில் எது உங்களுக்கு உண்மையிலேயே உதவியாக இருந்தது?" என்று கேளுங்கள். நீங்கள் எதிர்பார்த்த பதில் வராமல் போகலாம்.

எனக்கு ஒரு வரமும் இல்லை என்றே தோன்றுகிறது.

இப்படிச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் மேடையில் தெரிகிற வரங்களை மட்டும் மனதில் வைத்துச் சொல்கிறார்கள். பாடத் தெரியாது, பிரசங்கிக்க வராது, ஆக ஒன்றும் இல்லை என்கிற கணக்கு. ரோமர் 12-ஐ எடுத்துப் பாருங்கள். பகிர்ந்து கொடுப்பதும் அதில் இருக்கிறது, இரக்கம் செய்வதும் இருக்கிறது. இரக்கம் செய்கிறவர் அதை உற்சாகத்தோடு செய்யட்டும் என்கிறார் பவுல். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்யப்படும் உதவி எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது!

யோப்பா பட்டணத்துத் தொற்காளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பேசிய ஒரு வார்த்தைகூட வேதத்தில் பதிவாகவில்லை. அவர் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே பேதுருவைச் சூழ்ந்து நின்று, அவர் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டினார்கள் (அப்போஸ்தலர் 9:39). அந்தத் துணிகளே அவருக்குச் சாட்சியாகப் போதுமானதாக இருந்தன.

அற்புத வரங்கள் உள்ளவர் ஆவிக்குரிய வாழ்க்கையிலும் முதிர்ந்தவர்தானே?

இல்லை. இந்த ஒரு தவறான எண்ணத்தால் சபைகளில் நடந்திருக்கிற சேதம் கொஞ்சநஞ்சமல்ல.

கொரிந்து சபையைப் பாருங்கள். பவுல் அங்கே ஒன்றரை வருஷம் தங்கி உருவாக்கிய சபை அது (அப்போஸ்தலர் 18:11). பிறகு எபேசுவிலிருந்து, ஏறக்குறைய கி.பி. 55 வாக்கில், அவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார். முதல் அதிகாரத்திலேயே, நீங்கள் ஒரு வரத்திலும் குறைவில்லாதவர்கள் என்கிறார் (1 கொரிந்தியர் 1:7). மூன்றாம் அதிகாரத்துக்கு வரும்போது, நீங்கள் இன்னும் குழந்தைகள், மாம்சத்துக்குரியவர்கள் என்கிறார். ஏன்? நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கட்சி கட்டுகிறார்கள். ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டு நீதிமன்றம் போகிறார்கள் (6-ஆம் அதிகாரம்). கர்த்தருடைய பந்திக்கு வருகிறவர்களில் ஒருவர் பசியாய் இருக்கிறார், இன்னொருவர் குடித்து வெறியாய் இருக்கிறார் (11:21). தீர்க்கதரிசனமும் பாஷைகளும் பொங்கி வழிந்த அதே கூடத்தில், ஏழை விசுவாசி பட்டினியாக உட்கார்ந்திருந்தார். இரண்டும் ஒரே நாளில் நடந்திருக்கலாம்.

இயேசு இதை இன்னும் கடுமையாகச் சொல்லியிருக்கிறார். உமது நாமத்தினால் தீர்க்கதரிசனம் சொன்னோம், பிசாசுகளைத் துரத்தினோம், அற்புதங்கள் செய்தோம் என்று வருகிறவர்களிடம், நான் உங்களை ஒருக்காலும் அறியவில்லை என்பேன் என்றார் (மத்தேயு 7:22-23). அவர்கள் செய்ததைப் பொய் என்று அவர் அந்த இடத்தில் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நோய்களைக் குணமாக்க அதிகாரம் பெற்ற பன்னிரண்டு பேரில் யூதாசும் ஒருவர் (மத்தேயு 10:1-4). பிலேயாம் என்ற தீர்க்கதரிசியின் கழுதைகூட வாய்திறந்து பேசி அவரைத் திருத்தியது (எண்ணாகமம் 22). அதற்காக அதை யாரும் மூப்பராக்கவில்லை.

முதிர்ச்சியைப் பார்க்க வேண்டிய இடம், ஆவியின் கனியைச் சொல்கிற கலாத்தியர் 5:22-23. அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். வரம் ஒரே நாளில் வந்துவிடலாம். கனிக்கு வருஷங்கள் ஆகும். சபையை நடத்துகிற கண்காணிக்கு இருக்க வேண்டிய தகுதிகளை 1 தீமோத்தேயு 3-இல் வாசித்தால், போதிக்கும் திறமை என்ற ஒன்றைத் தவிர, ஏறக்குறைய எல்லாமே குணமும் நடத்தையும்தான். ஊழியரைத் தேர்ந்தெடுக்கும் சபைகள் இந்தப் பகுதியை வாசித்துவிட்டு, பிறகு நன்றாகப் பேசுகிறவரையே தேர்ந்தெடுப்பது எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

1 கொரிந்தியர் 13 கல்யாணங்களில் வாசிக்கப்படுகிற பகுதிதானே? அதற்கும் வரங்களுக்கும் என்ன சம்பந்தம்?

கல்யாணத்தில் வாசிப்பதில் தப்பில்லை. ஆனால் அது எழுதப்பட்டது, வரத்தை வைத்துச் சண்டை போட்ட ஒரு சபைக்கு. 12-ஆம் அதிகாரமும் வரங்களைப் பற்றியது, 14-ஆம் அதிகாரமும் வரங்களைப் பற்றியது. நடுவில் அன்பு வருகிறது. அன்புக்குப் பொறாமையில்லை, தன்னைப் புகழாது, இறுமாப்பாயிராது என்பதெல்லாம் கொரிந்தியர் செய்துகொண்டிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து இல்லை, இல்லை என்று சொல்வது. வாசித்துக் கேட்டபோது சிலருக்கு முகம் சிவந்திருக்கும்.

அன்பில்லாத வரம் எப்படி இருக்கும் என்பதற்கு நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த ஓர் அம்மாவைப் பார்க்கச் சபையிலிருந்து நாலைந்து பேர் போயிருந்தோம். ஜெபித்தால் குணமாகும் என்று பெயர் வாங்கிய ஐயா ஒருவர், அந்த அம்மாவின் நெற்றியில் கைவைத்துக் கண்ணை மூடி உரத்த சத்தத்தில் ஜெபிக்க ஆரம்பித்தார். ஜெபத்தின் வேகம் கூடக்கூடக் கையின் அழுத்தமும் கூடியது. தலை தலையணைக்குள் அமிழ்ந்தது, மூக்கில் இருந்த குழாய் விலகியது. பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டார். எங்களோடு வந்த ஒரு சகோதரி மட்டும் கண்ணைத் திறந்தபடியே ஜெபித்துக்கொண்டிருந்தார். அவர்தான் குழாயைச் சரிசெய்து, தையல் போட்ட பக்கத்தில் போர்வை உரசாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஆமென் சொன்னதும், "அக்கா, தண்ணி குடிக்கலாம்னு சொல்லிட்டாங்களா?" என்று குனிந்து கேட்டார். அந்த அம்மா அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தார்.

அந்த ஐயாவின் விசுவாசத்தை நான் குறை சொல்லவில்லை. படுக்கையில் இருந்தவர் அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

அந்நிய பாஷை பேசாதவர் பரிசுத்த ஆவியைப் பெறவில்லையா?

இதில் சபைகள் பிரிகின்றன. பல பெந்தெகொஸ்தே சபைகள், ஆவியின் அபிஷேகத்துக்கு அந்நிய பாஷையே ஆரம்ப அடையாளம் என்று போதிக்கின்றன. அப்போஸ்தலர் 2, 10, 19 ஆகிய அதிகாரங்களை ஆதாரமாகக் காட்டுகின்றன. மற்றச் சபைகள், ஒரே ஆவியினாலே எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றோம் என்கிற 1 கொரிந்தியர் 12:13-ஐயும், எல்லாரும் அந்நிய பாஷைகளைப் பேசுகிறார்களா என்று பவுல் கேட்கிற 12:30-ஐயும் காட்டுகின்றன. அந்தக் கேள்விக்கு அவர் எதிர்பார்க்கிற பதில் 'இல்லை' என்பதே. நான் இரண்டாவது பக்கம் நிற்கிறேன்.

எந்தப் பக்கம் நின்றாலும் 14-ஆம் அதிகாரத்து ஒழுங்கு இரு தரப்புக்கும் பொது. கூட்டத்தில் அந்நிய பாஷை பேசுகிறவர்கள் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒருவர்பின் ஒருவராக. வியாக்கியானம் செய்ய ஆள் இல்லாவிட்டால் சபையில் மௌனம் (14:27-28). பேசாதவரை மட்டமாகப் பார்ப்பதும் அன்பல்ல, பேசுகிறவரை நடிக்கிறார் என்று கிண்டல் செய்வதும் அன்பல்ல.

இந்த வரங்களெல்லாம் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டன என்கிறார்களே?

சீர்திருத்த சபை மரபில் வந்த பலர் அப்படி நம்புகிறார்கள். அற்புத அடையாளங்கள் அப்போஸ்தலரின் செய்தியை உறுதிப்படுத்தவே கொடுக்கப்பட்டன, வேதம் முழுமையான பிறகு அவற்றின் வேலை முடிந்தது என்பது அவர்கள் வாதம். 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருவில் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களிலிருந்து பரவிய பெந்தெகொஸ்தே இயக்கம் இதை மறுத்தது. 1967-இல் கத்தோலிக்கத் திருச்சபைக்குள்ளும் அருங்கொடை (கரிஸ்மாட்டிக்) இயக்கம் தொடங்கியது. அதற்கு மூன்று வருஷம் முன்னதாகவே, இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய தன் ஏட்டில், இப்படிப்பட்ட வரங்களை நன்றியோடு ஏற்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. கூடவே, அசாதாரண வரங்களை அவசரப்பட்டுத் தேடக் கூடாது, அவற்றைச் சோதித்தறிவது மேய்ப்பர்களின் பொறுப்பு என்றும் சொன்னது.

முடிந்துவிட்டன என்பதற்குத் தெளிவான வசனம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நடப்பதெல்லாம் ஆவியானவரின் செயல் என்று நம்பவும் நான் தயாரில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: இரக்கம், உதவி, போதனை, கொடுத்தல் முடிந்துவிட்டதாக எந்தத் தரப்பும் சொல்லவில்லை. அவை எல்லாச் சபையிலும் ஆள் இல்லாமல் காத்துக்கிடக்கின்றன.

ஒருவர் என்னிடம் வந்து 'கர்த்தர் உங்களுக்கு இதைச் சொல்லச் சொன்னார்' என்றால் என்ன செய்வது?

பதறாமல் கேளுங்கள். நன்றி சொல்லுங்கள். அப்புறம் சோதித்துப் பாருங்கள். சோதிப்பது அவிசுவாசம் அல்ல, கட்டளை. தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதீர்கள் என்று சொன்ன கையோடு, எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறார் பவுல் (1 தெசலோனிக்கேயர் 5:20-21). கொரிந்து சபையிலும் இரண்டு மூன்று பேர் தீர்க்கதரிசனம் சொல்லலாம், மற்றவர்கள் அதை நிதானிக்க வேண்டும் (1 கொரிந்தியர் 14:29). சோதிக்கவே கூடாது என்று ஒருவர் சொன்னால் அங்கேயே உங்களுக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

எதை வைத்துச் சோதிப்பது? வேதத்துக்கு முரணாக இருக்கிறதா என்பது முதல். அடுத்து, பவுல் தருகிற அளவுகோல்: தீர்க்கதரிசனம் சொல்கிறவர் மனுஷருக்குப் பக்திவிருத்தியும் புத்தியும் ஆறுதலும் உண்டாகப் பேசுகிறார் (14:3). குழந்தையில்லாத தம்பதியை ஜெபக்கூட்டத்தில் எல்லார் முன்பும் நிறுத்தி, உங்கள் வீட்டில் மறைவான பாவம் ஒன்று இருக்கிறது என்று சொல்கிறார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார். அடுத்த வாரம் வருவதில்லை. இதில் பக்திவிருத்தி அடைந்தது யார்? ஆறுதல் அடைந்தது யார்? இப்படிப்பட்டவற்றைத் தூக்கிப் போட்டுவிட நான் தயங்குவதில்லை.

யாரைக் கல்யாணம் செய்வது, எந்த வேலையை விடுவது, எவ்வளவு பணம் கொடுப்பது என்று உங்கள் முடிவை இன்னொருவர் கையில் எடுத்துக்கொண்டால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பவுலுக்கு எருசலேமில் சிறைக்கட்டு காத்திருக்கிறது என்று அகபு தீர்க்கதரிசனம் சொன்னார், கூட இருந்தவர்கள் போகவேண்டாம் என்று அழுதார்கள், பவுல் போனார் (அப்போஸ்தலர் 21:10-14). முடிவு பவுலுடையதாகவே இருந்தது. இதே அகபு முன்பு ஒரு பஞ்சத்தை முன்னறிவித்தபோது அந்தியோகியா சபை செய்ததும் பார்க்கத் தகுந்தது: அவரவர் சக்திக்கு ஏற்றபடி பணம் சேர்த்து யூதேயாவுக்கு அனுப்பினார்கள் (11:27-30). தீர்க்கதரிசனம் அங்கே நிவாரண நிதியாக மாறியது.

வரத்தைப் பயன்படுத்துவதற்குப் பணம் வாங்கலாமா?

ஊழியரைச் சபை தாங்குவது வேறு, அது நியாயம் (1 கொரிந்தியர் 9:14). ஜெபத்துக்கு விலை வைப்பது வேறு. சமாரியாவில் சீமோன் பணம் கொடுத்து வரத்தை வாங்கப் பார்த்தபோது பேதுரு அவருக்குச் சொன்ன பதில் அப்போஸ்தலர் 8:20-இல் இருக்கிறது. மென்மையான பதில் அல்ல. ஆதிச் சபையின் 'திதாகே' என்கிற பழைய போதனை ஏட்டில் இன்னும் நேரடியாக இருக்கிறது: ஆவியில் பேசுகிறேன் என்று சொல்லி ஒருவர் எனக்குப் பணம் தாருங்கள் என்றால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள், இல்லாதவர்களுக்குக் கொடுக்கச் சொன்னால் அவரை நியாயந்தீர்க்க வேண்டாம். இதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றும் இல்லை.

ஜெபித்தும் குணமாகவில்லை. என் விசுவாசம் குறைவா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் ஏற்கெனவே வலியில் இருக்கிறார்கள், அதனால் நேரடியாகச் சொல்கிறேன்: உங்களைக் குற்றவாளியாக்க யாருக்கும் உரிமை இல்லை.

பவுலின் கையால் அநேகர் குணமானார்கள். ஆனால் தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போனது. வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசமும் எடுத்துக்கொள் என்றுதான் பவுல் எழுதினார் (1 தீமோத்தேயு 5:23). துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவிட்டு வந்தார் (2 தீமோத்தேயு 4:20). எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாக இருந்தபோது பவுல் துக்கப்பட்டார் (பிலிப்பியர் 2:27). இவர்களில் ஒருவரையும் விசுவாசம் போதவில்லை என்று அவர் சொல்லவில்லை. தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காகவே மூன்று தரம் வேண்டிக்கொண்டார். கிடைத்த பதில், என் கிருபை உனக்குப் போதும் என்பது.

ஜெபியுங்கள், மூப்பர்களை அழைத்து ஜெபிக்கச் சொல்லுங்கள் (யாக்கோபு 5:14). மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். விசுவாசத்தைக் காட்ட மருந்தை விடச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், அந்த ஆலோசனையைக் கேட்க வேண்டாம்.

தப்பு செய்கிறவரிடம் உண்மையைச் சொல்வதும் அன்புதானே?

ஆமாம். ஆனால் எங்கே சொல்கிறீர்கள், எப்படிச் சொல்கிறீர்கள்? அப்பொல்லோ சாதாரண ஆள் இல்லை. பேச்சு வல்லவர், வேதத்தில் கெட்டிக்காரர். ஆனாலும் யோவான் கொடுத்த ஞானஸ்நானத்தை மட்டுமே அறிந்தவராக எபேசுவின் ஜெப ஆலயத்தில் பேசிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் எழுந்து நின்று மறுத்துப் பேசவில்லை. அவரைத் தங்களிடத்தில் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாக விளக்கினார்கள் (அப்போஸ்தலர் 18:24-26). அவர் மானமும் போகவில்லை, ஊழியமும் நிற்கவில்லை.

குழுச் செய்தியில் பெயர் சொல்லாமல், ஆனால் யாரைச் சொல்கிறோம் என்று எல்லாருக்கும் தெரியும்படி ஒரு வசனத்தைப் போடுவது உண்மையைச் சொல்வது ஆகாது. போய், தனியே பேசுங்கள் (மத்தேயு 18:15).

எனக்கு ஒருவரைக் கண்டாலே பிடிக்கவில்லை. அன்பு காட்டினால் அது நடிப்பு ஆகாதா?

1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரத்தில் அன்பு என்ன உணர்கிறது என்று பெரிதாக இல்லை. என்ன செய்கிறது, என்ன செய்யாது என்றே இருக்கிறது. அவரைப் பற்றிப் பின்னால் பேசாமல் இருப்பது, அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருப்பது, அவருக்கு நல்லது நடந்தால் பொருமாமல் இருப்பது. பிடித்தால்தான் செய்ய முடியும் என்று இவற்றில் எதுவும் இல்லை. பிடிக்காதவருக்கும் நல்லது செய்வது கீழ்ப்படிதல், நடிப்பு அல்ல. எல்லாரோடும் நெருங்கிப் பழகித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. மாற்குவைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்பதில் பவுலும் பர்னபாவும் கடும் கோபமூண்டு பிரிந்தே போனார்கள் (அப்போஸ்தலர் 15:39). பல வருஷம் கழித்து, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமானவன் என்று பவுலே எழுதினார் (2 தீமோத்தேயு 4:11). காலம் எடுத்தது.

'அன்பு சகலத்தையும் தாங்கும்' என்பதால் என்னை அடிக்கிறவரையும் பொறுத்துக்கொண்டுதான் போக வேண்டுமா?

வேண்டாம். அந்த வசனத்தை இப்படிப் பயன்படுத்துவது அநியாயம். அதே பகுதியில், அன்பு அநியாயத்தில் சந்தோஷப்படாது என்றும் இருக்கிறது. அதே கடிதத்தின் 5-ஆம் அதிகாரத்தில், வெட்கக்கேடான பாவத்தில் வாழ்ந்த ஒருவரைச் சபையிலிருந்து விலக்கச் சொல்கிறார் பவுல். பவுலையே சவுக்கால் அடிக்கக் கட்டியபோது, ரோமக் குடிமகனை விசாரணையில்லாமல் அடிக்க உங்களுக்கு நியாயம் உண்டா என்று கேட்டுத் தடுத்தார் (அப்போஸ்தலர் 22:25). பிறகு இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார். சட்டம் தந்த பாதுகாப்பைப் பயன்படுத்த அவர் கூச்சப்படவில்லை.

வீட்டிலோ சபையிலோ உங்களை யாராவது அடித்தால், மிரட்டினால், தகாத முறையில் நடந்தால், முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். நம்பிக்கையான ஒருவரிடமும் காவல்துறையிடமும் சொல்லுங்கள். மன்னிப்பைப் பற்றிப் பிறகு பேசலாம். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று உங்களை வாய்மூட வைக்கிறவர் உங்கள் பக்கம் இல்லை.

என் வரத்துக்குச் சபையில் இடம் தரமாட்டேன் என்கிறார்கள்.

சில சமயம் அது உண்மையிலேயே பொறாமையோ குறுகிய மனமோ ஆக இருக்கும். சில சமயம் உங்களுக்குத் தெரியாத காரணம் இருக்கும். மூப்பரிடம் நேரே போய்க் கேட்டுவிடுவது நல்லது. ஊகித்துக்கொண்டே இருந்தால் கசப்புதான் மிஞ்சும்.

அதற்கிடையில், வரத்துக்கு ஒலிபெருக்கி அவசியமா என்று யோசியுங்கள். போதிக்கும் வரம் இருந்தால் ஒரே ஒரு வாலிபனோடு உட்கார்ந்து வேதம் வாசிக்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். அது போதாது, மேடைதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், எதற்காக என்று உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஊழியம் செய்து செய்து களைத்துவிட்டேன். முடியாது என்று சொன்னால் பாவமா?

பாவம் இல்லை. எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சீஷர்கள் வந்து சொன்னபோது, இயேசு அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார் (மாற்கு 1:37-38). கப்பர்நகூமில் அன்று அவரைத் தேடியவர்கள் ஏமாந்திருப்பார்கள். சாப்பிடவும் நேரமில்லாத சீஷர்களைச் சற்று இளைப்பாறுங்கள் என்று கூட்டிப் போனார் (6:31). எருசலேமில் பந்தி விசாரணை (உணவு பகிர்ந்து கொடுக்கும்) வேலை குவிந்தபோது அப்போஸ்தலர்கள் அதைத் தாங்களே சுமக்காமல் ஏழு பேரிடம் ஒப்படைத்தார்கள் (அப்போஸ்தலர் 6).

வெளியே எல்லாருக்கும் ஓடி ஓடி உதவிவிட்டு, வீட்டில் எரிந்து விழுகிற நிலை வந்தால் வேலையைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பிள்ளைகள் ஆவியின் கனியை முதலில் ருசி பார்ப்பது வீட்டில்தான்.

கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் என் வரத்தைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. யாவருக்கும் நன்மை செய்யச் சொல்கிறது கலாத்தியர் 6:10. உதவியை மனம்மாற்றும் தூண்டிலாக மட்டும் வைக்காதீர்கள்; எதிரே இருப்பவர்கள் அதைச் சட்டென்று கண்டுகொள்வார்கள். நல்ல சமாரியன் காயத்தைக் கட்டினான், சத்திரக்காரனுக்குப் பணம் கொடுத்தான், இன்னும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். அடிபட்டவன் எந்த மதம் என்று கேட்டதாகக் கதையில் இல்லை.

இல்லாத வரத்தைக் கேட்டு ஜெபிக்கலாமா?

கேட்கலாம். 'அன்பை நாடுங்கள், ஞானவரங்களையும் விரும்புங்கள்' என்கிறது 1 கொரிந்தியர் 14:1. கேட்கும்போது யாருக்காக என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 'எனக்கு ஆறுதல் சொல்லும் வரம் தாரும்' என்று பொதுவாகக் கேட்பதைவிட, 'மகனை இழந்த அந்த அண்ணனிடம் நாளைக்குப் போகிறேன், என்ன பேசுவது என்று தெரியவில்லை' என்று கேளுங்கள். போய் உட்காருங்கள். பேச ஒன்றும் வராவிட்டால் பேசாமல் இருங்கள்; யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் அதைத்தான் செய்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.